பேச்சியம்மாளுக்கு நான் விற்ற சங்கிலி

நாய்க்குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடைக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இதுக்கு என்னென்ன சாமான் வாங்கணும்?" உங்களிடமும் கேட்டிருப்பார்கள். நீங்களும் வாயெல்லாம் பல்லாக, கழுத்துப்பட்டை, சங்கிலி, கயிறு, சோற்றுக் கிண்ணம், தண்ணீர்க் கிண்ணம், படுக்கை, சீப்பு, கடிக்க ரப்பர் எலும்பு, வாய்க்கூடு, விசில் என்று வரிசையாக எடுத்து மேஜைமேல் வைத்திருப்பீர்கள். நானும் வைத்தவள்தான். விருதுநகரில் இருபத்தாறு வருடம் நாய்ச் சாமான் கடை நடத்தினேன். காலையும் சாயங்காலமும் வீடு வீடாகப் போய் நாய்களுக்குப் பழக்கம் சொல்லிக் கொடுத்தேன். ஊரில் எனக்கு நாய் டீச்சர் என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான். நாளாக ஆகக் கேலி போய் டீச்சர் மட்டும் மிஞ்சியது.

உண்மையைச் சொன்னால் நாய்களுக்குச் சொல்லிக் கொடுத்தது கொஞ்சம், வீட்டுக்காரர்களைத் திட்டியதுதான் அதிகம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். கடையை என் தங்கை மகளிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இப்போது நம் மாவட்டத்தில் நீங்கள் ஏழெட்டுப் பேர் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்கிறீர்கள். உட்கார், படு, வா என்று பழக்குகிற முறையெல்லாம் உங்கள் கைபேசியிலேயே கொட்டிக் கிடக்கிறது. அதை நான் சொல்லப் போவதில்லை. நான் தப்புச் செய்த இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன். முதலாவதைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதுக்கு எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை.

சிவகாசியில் ஓர் அச்சகக் குடும்பம். காலண்டர்தான் அவர்களுக்குப் பிரதான வேலை. வீட்டுக்கு ஒரு லாப்ரடார் குட்டி வந்திருந்தது, போகிற இடமெல்லாம் மூத்திரம். நான் போய்ப் பார்த்தேன். வீட்டில் எந்த மூலையைத் திரும்பினாலும் கழிவுக் காகிதம் கட்டுக் கட்டாக இருந்தது. "ஒரு மூலையில் காகிதத்தை விரியுங்கள். அதில் இருந்தால் பிஸ்கட் கொடுங்கள்" என்று சொன்னேன். "பேப்பருக்கா பஞ்சம் டீச்சர்? நம்ம வீட்ல அது ஒண்ணுதான இருக்கு" என்றார் அச்சக முதலாளி. குட்டி கெட்டிக்காரன். இரண்டே வாரத்தில் காகிதம் தவிர வேறெங்கும் உட்கார மாட்டேன் என்றுவிட்டான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

சீசன் வந்தது. ஒரு பெரிய ஆர்டருக்கு மாதிரி அடித்து, நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, வீட்டு ஹாலில் தாள் தாளாக விரித்து வைத்திருக்கிறார்கள். குட்டி நிதானமாக நடந்து வந்து, நடுத்தாளில் ஏறி, தாமரையில் வீற்றிருக்கும் மகாலட்சுமிமேல் உட்கார்ந்து காரியத்தை முடித்துவிட்டு, பிஸ்கட்டுக்காக முதலாளி முகத்தைப் பார்த்திருக்கிறான். வீட்டம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டதாம். முதலாளி எனக்குப் போன் போட்டார். "நீங்க சொல்லிக் குடுத்ததை நல்லாப் பிடிச்சுக்கிட்டான் டீச்சர். மத்ததை நேர்ல வந்து பாத்துக்கிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கே மணல் தட்டோடு போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். வீட்டம்மா ஒரு வாரம் எனக்குக் காப்பி கொடுக்கவில்லை. மற்ற வீட்டில் காகிதம் குப்பை, அந்த வீட்டில் அதுதான் சோறு. அதை நான் யோசிக்கவில்லை.

அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பேச்சியம்மாள் என் கடைக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். கூடவே ஒரு செவலை நாய். நாட்டு நாய்தான், ஆனால் சிப்பிப்பாறை வேட்டை நாயின் ரத்தம் எங்கேயோ கலந்து காலும் முகமும் நீண்டிருந்தன. கயிறு கிடையாது, பட்டை கிடையாது. அவள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. இவ்வளவு ஒழுங்காக இருக்கிற நாய்க்கு என்ன பழக்கம் வேண்டிக் கிடக்கிறது என்றுதான் நினைத்தேன்.

"இவன் அத்துக்கிட்டு வராத மாதிரி ஒரு சங்கிலி குடுங்கக்கா" என்றாள்.

விசாரித்தேன். பட்டாசுக் கம்பெனியில் வேலை, பதினெட்டு வருடமாக. கணவர் இறந்து ரொம்ப நாளாகிறது. ஒரே மகன் திருப்பூருக்குப் போய், கல்யாணம் முடித்து, அங்கேயே தங்கிவிட்டான். இந்த நாய் இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கிருந்தோ அவள் பின்னாலேயே வீடு வந்து சேர்ந்திருக்கிறது. ராசு என்று பேர் வைத்தாள். தினமும் காலையில் கரிசல் காட்டு வழியாக அவளோடு கம்பெனி வரைக்கும் நடந்து, கேட்டுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் சாயங்காலம் வரை படுத்துக் கிடந்து, அவளோடே திரும்புவான். பழைய மேனேஜர் கண்டுகொள்ளவில்லை. புதிதாக வந்தவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"'நாய் இங்கன வரப்புடாது, வந்தா நீயும் வராத'ன்னுட்டாரு. வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டிப் பாத்தேன்க்கா. கதவப் பிறாண்டிப் பிறாண்டி நகத்தப் பேத்துக்கிட்டான், ரத்தம் வடியுது. எனக்கு வேலையும் வேணும். இவனும் வேணும்."

அவள் கேட்டது அவ்வளவுதான், வேலையும் வேணும், இவனும் வேணும். பாவமாக இருந்தது. கடையில் இருந்ததிலேயே கனமான இரும்புச் சங்கிலியை எடுத்துக் கொடுத்தேன், ஆறடி. சுவரில் பதிக்க ஒரு வளையம். தோல் பட்டை. கூடவே ஒரு பிளாஸ்டிக் விசிலும் கொடுத்து, மூன்று நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கே போய், விசில் ஊதினால் ஓடி வருகிற பழக்கத்தையும் சொல்லிக் கொடுத்தேன். நாய் தப்பினாலும் கூப்பிட ஒரு வழி இருக்கட்டும் என்ற எண்ணம். கருவாட்டுத் துண்டுக்காக ராசு அம்பு மாதிரி வந்தான்.

சங்கிலியை வாங்கும்போது அவள் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் எல்லாம் அலுமினியத் தூள் வெள்ளியாக மினுங்கியது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் அந்தத் தூள் நகக்கண்ணை விட்டு முழுதாகப் போகாது, நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். "எந்த வேலை பாக்குறே?" என்றுகூடக் கேட்டேன். "புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கேன்" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டேதான் இரும்பைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவள் நான். என் அத்தைமார் இரண்டு பேர் கம்பெனிக்குப் போனவர்கள். மருந்து இருக்கிற இடத்தில் இரும்பு ஆகாது, உரசினால் பொறி பறக்கும் என்பதை நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே கேட்டிருக்கிறேன். ஆனால் கடை மேஜைக்கு இந்தப் பக்கம் நின்றால் அதெல்லாம் மறந்துபோகும் போலிருக்கிறது. நாய் அறுக்க முடியாத சங்கிலி எது என்று மட்டும் பார்த்தேன். அந்த நாய் எங்கே போகத் துடிக்கிறது என்று பார்க்கவில்லை.

நாலாம் நாள் காலை ஒன்பது மணி வாக்கில், அவள் வேலைக்குப் போன பிறகு நாய் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். கொல்லையில் நாய் இல்லை. சுவரில் வளையம் இருந்த இடத்தில் ஒரு கை நுழைகிற ஓட்டை. மண் சுவர் அது. அதையும் நான் கவனித்திருக்கவில்லை.

"இப்பத்தான் டீச்சர், சங்கிலிய இழுத்துக்கிட்டே காட்டுப் பக்கமா ஓடுச்சு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

ஸ்கூட்டரைத் திருப்பினேன். கரிசல் புழுதியில் சங்கிலி இழுபட்ட கோடு கம்பெனி வரைக்கும் ஒரே நேராகப் போனது. வேப்ப மரத்தடியில் அவன் இருப்பான், பிடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் தைரியமாகப் போனேன். மரத்தடி காலி. கோடு வேலியின் ஓர் ஓட்டைக்குள் நுழைந்து உள்ளே போயிருந்தது.

கேட்டில் வாட்ச்மேன் என்னை நிறுத்தினார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் மனிதர் முறையை விடவில்லை. ஸ்கூட்டரைத் தூரத்தில் விடச் சொன்னார். போனை வாங்கினார், சாவிக்கொத்தை வாங்கினார், செருப்பைக் கழற்றச் சொன்னார். கடைசியில் என் சேலைத் தலைப்பில் குத்தியிருந்த ஊக்கைக் காட்டி, "அதையும் குடுத்துட்டுப் போங்க டீச்சர்" என்றார். கழற்றிக் கொடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரை விரல் நீள ஊக்குக்கு அனுமதி இல்லாத இடத்துக்குள் நான் விற்ற ஆறடி இரும்பு போயிருக்கிறது.

உள்ளே போர்மேன் அண்ணாச்சி எதிரே வந்தார். ஓடி வரவில்லை. கம்பெனிக்குள் யாரும் ஓட மாட்டார்கள், ஓடக் கூடாது. நடந்து வந்து, கையால் காட்டினார். தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொரு அறையிலும் மூன்று நாலு பெண்கள், அவர்கள் முன்னால் திறந்த மருந்து. அறைகளுக்கு நடுவே சிமெண்டுப் பாதை. அந்தப் பாதையில் ராசு ஒவ்வொரு வாசலாக முகர்ந்துகொண்டு போனான். அவன் திரும்பும்போதெல்லாம் சங்கிலி சிமெண்டில் உரசுகிற சத்தம் கேட்டது. அதற்கும் அந்தப் பக்கம் மேடையில், வெயிலில் காய வைத்த சரக்கு.

என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. நாய்களைப் பழக்கும்போது நான் ஊதுகிற விசில் அங்கேதான் தொங்கியது. பிளாஸ்டிக் என்பதால் வாட்ச்மேன் விட்டிருந்தார். ஒரு தடவை ஊதினால் போதும், எங்கே இருந்தாலும் அம்பு மாதிரி வருவான். நான் பழக்கிய பழக்கம். விசிலை வாயருகே கொண்டுபோய்விட்டேன்.

"வாய்ல வைக்காதீக" என்றார் அண்ணாச்சி. சத்தம் போடாமல், பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். "இங்கன விசில் சத்தம் கேட்டா, கையில இருக்கதைப் போட்டுட்டு வெளிய ஓடுன்னு அர்த்தம். அம்புட்டுப் பொம்பளைகளும் மருந்தைத் தட்டிவிட்டுட்டு ஓடுவாக. நாயும் ஓடும், சங்கிலியும் ஓடும்."

விசிலைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டேன். அந்த ஒரு நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். என் கடைச் சாமான் இரண்டு. ஒன்று நாயின் கழுத்தில் கிடந்து பயமுறுத்துகிறது, இன்னொன்றை நான் தொடவே கூடாது.

"நீங்கதான இதுக்குச் சொல்லிக் குடுத்தவுக. என்ன செய்யணும், சொல்லுங்க" என்றார் அவர்.

வேறு வழியில்லாமல் நாயைப் பார்த்தேன். வேறு எதுவும் செய்ய முடியாதபோதுதான் நாம் நாயை ஒழுங்காகப் பார்க்கிறோம். ராசு விளையாடவில்லை, திருடவில்லை. தேடினான். ஒரு வாசலில் மூக்கை நீட்டுவான், உள்ளே பேச்சி இல்லை என்று தெரிந்ததும் அடுத்த வாசலுக்குப் போவான். எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி தலையில் துணி கட்டி, சேலைமேல் ஒரே மாதிரி சட்டை போட்டிருந்தார்கள். எல்லோர்மேலும் ஒரே மருந்து வாடை. அதில் அவனுக்கு அவளைப் பிரித்தெடுக்கத் தெரியவில்லை. நாம் யாராவது கிட்டே போனால் மிரண்டு ஓடுவான். அவள் கண்ணில் பட்டால் குதித்துக்கொண்டு ஓடி வருவான். ஓட்டம் எதுவானாலும் ஆபத்துதான்.

"பேச்சி எந்த ரூம்?"

"ஏழு."

"அவளை வெளியே வரச் சொல்லுங்கள் அண்ணாச்சி. நாயைத் திரும்பிப் பார்க்க வேண்டாம், பேர் சொல்லிக் கத்த வேண்டாம். அதோ அந்த வேலியோரத்து மணலுக்கு நடந்து போய், முதுகைக் காட்டி உட்காரட்டும். உட்கார்ந்த பிறகு, வீட்டில் எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசட்டும்."

அண்ணாச்சி நடந்தார். நீங்கள் யாராவது அப்படி நடந்திருப்பீர்களா என்று தெரியவில்லை. கோயிலில் பிரகாரம் சுற்றுகிறவர்களைப் போல அவ்வளவு சாவகாசமாகப் போனார். போகும் வழியில் ஒவ்வொரு வாசலிலும், "எந்திரிக்காதீக தாயி, அப்படியே இருங்க" என்று சொல்லிக்கொண்டே போனார். ஏழாம் அறையிலிருந்து பேச்சி வந்தாள். சட்டையெல்லாம் வெள்ளி. நாய் அவளுக்கு இருபதடி பின்னால் நிற்கிறது. அவள் திரும்பவில்லை. மணல்வரை நடந்து போய், உட்கார்ந்து, வேலியைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"ராசு... கஞ்சி குடிச்சியாய்யா? வச்சிட்டுத்தான வந்தேன். குடிச்சியா?"

அவன் காது நிமிர்ந்தது. நடந்துதான் போனான். சிமெண்டில் கடைசியாக ஒரு உரசல், பிறகு மணல், பிறகு சத்தமே இல்லை. அவள் மடியில் முகத்தை வைத்தான். பேச்சி இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டாள். மருந்துக் கையால் அவனை ஒருநாளும் தொட்டதில்லை. அப்போதும் தொடவில்லை. அவள் தோள் குலுங்கியது, கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் கை இல்லை. நான் போய்ப் பட்டையின் வாரை அவிழ்த்தேன். அண்ணாச்சி ஒரு வாளித் தண்ணீரைச் சங்கிலிமேல் ஊற்றி, ஈரச் சாக்கில் பொதிந்து, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனார்.

அதற்குப் பிறகு மேனேஜர் கூப்பிட்டார். சின்ன வயது, ஆனால் குரல் உயர்த்தாத மனிதர். "நாளையிலிருந்து வர வேணாம் பேச்சியம்மா" என்றார். "சரிங்க" என்றாள் அவள். கெஞ்சவில்லை, வாதாடவில்லை. பதினெட்டு வருட வேலை ஒரு "சரிங்க"வில் முடிந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அத்தனை பேர் உயிருக்குப் பொறுப்பானவர் வேறு என்ன சொல்வார்? கோபமெல்லாம் என்மேல்தான் வந்தது.

"அந்தச் சங்கிலிய வித்தது நான்தான்" என்றேன். "அவ நகத்தைப் பார்த்துக்கிட்டேதான் வித்தேன். தப்பு முழுக்க என்னோடது. எனக்குப் பத்து நாள் குடுங்க. அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவை இந்த நாய் உங்க மரத்தடிக்கு வந்தாலும், நானே அதை என் வீட்டுக்குக் கொண்டுபோயிருதேன். அவ வேலையில மட்டும் கை வைக்காதீக."

நாயை நான் கொண்டுபோய்விடுவேன் என்றதும் பேச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நான் முகம் கொடுக்கவில்லை. "பத்து நாளும் பேச்சியம்மா வேலைக்கு வராம வீட்ல இருக்கட்டும். அப்புறம் பாப்போம்" என்றார் மேனேஜர்.

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனபோது நான் ஒரு சாமானும் கொண்டு போகவில்லை. இருபத்தாறு வருடத்தில் வெறுங்கையோடு போனது அன்றைக்குத்தான். கூடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காலையில் அவள் தலைத்துணியை எடுத்ததுமே ராசுவுக்கு நடுக்கம் தொடங்கியது. தூக்குவாளியைக் கையில் எடுத்ததும் எழுந்து வாசலில் நின்றுகொண்டான். சரி, அதையெல்லாம் எடுத்தாலே கிளம்புகிறாள் என்ற எண்ணம் அவனுக்கு மாறட்டும், தலைத்துணியைக் கட்டு, அவிழ். தூக்குவாளியை எடு, கீழே வை, வெங்காயம் உரி. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது செய்யச் சொல்லியிருப்பேன். "என்னக்கா இது, பைத்தியக்காரி மாதிரி எடுத்து எடுத்து வைக்கேன்" என்று அவளே சிரித்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். தெருக்குழாய்வரை போய்த் திரும்பினாள். அதுவரைக்கும் பொறுத்தான். குழாயைத் தாண்டினால் ஊளை, கதவில் பிறாண்டல். ஐந்து நாள் போய்விட்டது. எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. ராசுவுக்கு என் வீட்டில் எந்த இடத்தை ஒழிப்பது என்றுகூட மனசுக்குள் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஆறாம் நாள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். எந்த வீட்டிலும் முதல் நாளே கேட்டிருப்பேன். அங்கே ஏன் கேட்கத் தோன்றவில்லை என்று தெரியவில்லை. "நீ கட்டிக் கழற்றிப் போட்ட பழைய துணி ஏதாவது இருந்தால் கொடு பேச்சி, அவன் படுக்கிற இடத்தில் போடலாம்."

அவள் வீடு முழுக்கத் தேடினாள். கிடைக்கவில்லை. துவைத்து மடித்த சேலைகள் இருந்தன, கொடியில் காய்கிற சேலைகள் இருந்தன. கட்டிக் கழற்றிய சேலை ஒன்றுகூட இல்லை. தலையணை உறையும் போர்வையும்கூடச் சோப்பு வாசனைதான் அடித்தன.

"மருந்து வீட்டுக்குள்ள வரப்புடாதுல்லக்கா" என்றாள். "மகன் சின்னப் பையனா இருந்தப்பப் பழகுனது. வந்ததும் நேரே கொல்லைக்குப் போயி, குளிச்சு, கட்டியிருந்ததை நனைச்சுப் போட்டுட்டுத்தான் உள்ள வருவேன். படுக்கிற துணியையும் விடியக்காலம் அலசிப் போட்டுருவேன். ஒரு நாளும் தவறுனது இல்ல."

பிள்ளைகளா, அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளைமேல் வைத்த அக்கறையில் அந்தப் பெண் பதினெட்டு வருடமாகத் தன் வாடையே அந்த வீட்டில் தங்காமல் துடைத்து வைத்திருக்கிறாள். அவள் வெளியே காலெடுத்து வைத்ததும் வீட்டில் அவள் இருந்த அடையாளமே நாய்க்கு இல்லை. அவள் இருக்கிற ஒரே இடம் கம்பெனிதான். பின்னே, அவன் அங்கே ஓடாமல் என்ன செய்வான்?

"இன்னைக்கு ராத்திரி ஒரு பழைய சேலையைக் கட்டிப் படு. நாளைக்கும் அதையே. அதற்கடுத்த நாளும் அதையே. துவைக்காதே" என்றேன்.

"அழுக்குச் சேலையவா? யாராவது பாத்தா என்ன நெனப்பாக?" என்று கூசினாள். மருந்துக்காகப் பழகிய சுத்தம் அவள் உடம்பிலேயே ஊறியிருந்தது. நான் வழக்கம்போலத் திட்டினேன். "ஐந்து நாளா நீ கம்பெனிப் பக்கமே போகவில்லை, உன்மேல் ஏது மருந்து? ஊர் நினைப்பது பெரிதா, அவன் பெரிதா?" என்றேன். மூன்று ராத்திரி கட்டிப் படுத்தாள். நாலாம் நாள் காலையில் அந்தச் சேலையை என் கையில் கொடுக்கும்போது தலையைக் குனிந்துகொண்டாள். அடுப்படிக்குப் பக்கத்து மூலையில் சாக்கை விரித்து அதன்மேல் போட்டேன். ராசு வந்தான். மூக்கை உள்ளே விட்டு, மூச்சை நீளமாக இழுத்தான். ஒரு சுற்றுச் சுற்றி, சுருண்டு படுத்துவிட்டான்.

அன்றைக்கு அவள் குழாயைத் தாண்டினாள். கடைத்தெருவரை போனாள். மத்தியானம் பஸ் ஏறி ஆமத்தூர் போய்த் திரும்பினாள். ஊளை இல்லை. மேனேஜரிடம் இன்னும் ஒரு நாள் கேட்டு வாங்கினேன். அந்தக் கடைசி நாளில் பொழுது சாய்கிறவரை மூன்று தடவை வெளியே போய் வந்தாள். நான் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, பேச்சி தலைத்துணி கட்டி, தூக்குவாளி எடுத்து, கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனாள். ராசு வாசலுக்கு வந்தான். நின்றான். முனகினான். ஒரு தடவை கதவில் கை வைத்தான். பிறகு திரும்பி மூலைக்குப் போய், சேலையை வாயால் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்தான். பத்து மணிக்கு எட்டிப் பார்த்தேன், தூங்கினான். பன்னிரண்டுக்குப் பார்த்தேன், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படுத்தான். மூன்று மணிக்குப் போர்மேன் அண்ணாச்சி போன் செய்தார். "மரத்தடியில ஒண்ணும் இல்ல டீச்சர். மேனேஜரு ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. பேச்சியம்மாவ நாளைக்கும் வரச் சொல்லிட்டாரு" என்றார். நான் பக்கத்து வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு அழுதேன். அந்த வீட்டம்மா பதறிப்போய் மோர் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு யார் என்ன சாமான் கேட்டாலும், எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் என்ன வேலை பார்க்கிறார்கள், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருகிறார்கள், வந்ததும் முதலில் என்ன செய்வார்கள் என்று கேட்காமல் விட்டதில்லை. சாமான் வாங்க வந்த இடத்தில் இவள் என்ன ஜாதகம் பார்க்கிறாள் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. சுளிக்கட்டும். நீங்களும் கேளுங்கள்.

அந்தப் பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் பேச்சி வருகிற வழியில் போய் நின்றேன். கரிசல் காட்டைத் தாண்டி ஓட்டமும் நடையுமாக வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் போன போக்கைப் பார்த்து, "இருக்கான், இருக்கான், நல்லா இருக்கான்" என்று நானே கத்திச் சொன்னேன். வீட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அழுக்குச் சேலைக்குள் முகத்தைப் புதைத்து ராசு அயர்ந்து தூங்கினான். வெகு நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கண் கலங்கியிருந்தது.

"மகன் திருப்பூர் போயி ஏழு வருசம் ஆச்சுக்கா" என்றாள். "வேல விட்டு வெளிய வந்தா, எனக்குன்னு காத்துக்கிட்டு இருக்க ஒரு உசுரு இல்லாம இருந்துச்சு. இவன் வந்து ரெண்டு வருசமாத்தான் ஒருத்தன் காத்துக் கெடந்தான். அவனையும் தூங்கச் சொல்லிக் குடுத்துட்டீகளே."

அவள் கண்ணைத் தோளிலேயே துடைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிக் கொல்லைக்குக் குளிக்கப் போனாள். தகரத்தால் அடைத்த குளியல் மறைப்பு. நான் உள்ளே போய், சேலையை அவனுக்கே விடலாமா எடுத்து வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

கொல்லையில் முதல் சொம்புத் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. ராசுவின் காது எழுந்தது, பிறகு தலை, பிறகு அவனே எழுந்தான். பின்கதவைத் திறந்துவிட்டேன். ஓடவில்லை. நேரே போய்த் தகர மறைப்பின் முன்னால் உட்கார்ந்து, கீழ் இடைவெளியில் மூக்கை நுழைத்துக்கொண்டான்.

"வந்துட்டியாய்யா?" என்று உள்ளேயிருந்து பேச்சியின் குரல் கேட்டது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "இருய்யா, இரு, இன்னும் சோப்பு போடல. மருந்து போகட்டும்."

மருந்து போகத் தேய்த்துக் குளிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரமும் அவன் அங்கேயே காத்திருந்தான்.